காகங்கள் மட்டும் நம்பிய கூரை

“உங்க கட்டடத்துக்குக் கூரை எங்கம்மா?” என்று நகராட்சி அதிகாரி அவளிடம் கேட்டபோது, கூரை மறுபடியும் காணாமல் போயிருந்தது. அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “காலையில இருந்துச்சு சார்” என்றாள். அது உண்மைதான். சுவர்கள் நின்றன, தூண்கள் நின்றன. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி அந்தரத்தில் நின்றது, குழாயைத் திறந்தால் தண்ணீரும் வந்தது. கூரை இருந்த உயரத்தில் ஏழெட்டுக் காகங்கள் வெறும் காற்றின்மேல் நடைபோட்டுக்கொண்டிருந்தன. மழை மட்டும் கூரையை மதிக்காமல் நேராக உள்ளே இறங்கியது. அதிகாரி கெட்டவர் இல்லை. கூரை இல்லாததைக் கட்டடம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் கூரை நிலைக்காவிட்டால் அந்த இடம் லாரி நிறுத்தத்துக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு, கூடத்துக்குள்ளேயே நனையாமல் நடந்து வெளியேறினார்.

வானத்தில் திடீரென்று தோன்றி மறைபவற்றை ஆராயும் மையத்துக்காக எழும்பிய கட்டடம் அது. எங்கோ ஒரு நட்சத்திரம் வெடிக்கும், சில நாள் எரியும், அணைந்துவிடும். சில வெளிச்சங்கள் ஒரு தும்மல் நேரம்கூடத் தாங்காது. மலைமேல் தொலைநோக்கி வைத்திருந்தவர்கள் அவற்றின் ஒளியைப் பார்த்தார்கள். சமவெளியில் பெரிய தட்டுகளை நிமிர்த்தி வைத்திருந்தவர்கள் அவற்றின் ரேடியோ அலையைக் கேட்டார்கள். மூன்றாவது கூட்டம் எதையும் பார்க்காமல் கணினியில் கணக்குப் போட்டது. ஒருவர் கண்டதை மற்றவர்களும் உடனே பார்த்தால்தான் அது இன்னதென்று தெரியும். ஆனால் கண்டவர் வாயைத் திறக்கமாட்டார். கட்டுரை அச்சில் வரும்வரை பொத்திப் பொத்தி வைப்பார், அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். ஊரார் இவர்களை மலைக்காரர், தட்டுக்காரர், கணக்குக்காரர் என்றார்கள். இவர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்தே தீருவேன் என்று கிளம்பியவளைத் தங்கச்சி என்றார்கள், ஏனென்றால் அவள் தட்டுக்காரர்களின் தலைவருக்குத் தங்கை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, பல நாற்காலிகளில் காத்திருந்து, நரை விழுந்து, அவளே மையத்தின் இயக்குநரான பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

கூரை முதன்முதலாகப் போனது, கான்கிரீட் காய்ந்து தாங்குப் பலகைகளைப் பிரித்த வாரத்தில். மேஸ்திரி சிமெண்டைச் சந்தேகப்பட்டுத் தகரம் போட்டார். தகரமும் போனது. தார்ப்பாய் கட்டினார், கயிறு மட்டும் மிஞ்சியது. “திருடன்னா தொட்டியைத்தானே முதல்ல தூக்குவான்? தொட்டியை விட்டுட்டுக் கூரையைத் தூக்குறவனை நான் எங்கே போய்த் தேட?” என்று அவர் நொந்துகொண்டார். பிறகு ஒரு நாள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பி வந்தன. ஒரே தலையில் மூன்று தொப்பி வைத்ததுபோல் கட்டடம் நின்றது. அன்றைக்குத்தான் கணக்குக்கார அம்மாள் மலைக்காரரை டீ குடிக்கும் இடத்தில் மடக்கினாள்.

“ஐயா, இவ்வளவு நாளா எதையோ அமுக்கி வச்சிருந்தீங்கல்ல?”

“நானா? நான் எதைம்மா அமுக்கினேன்?”

“உங்க கட்டுரை இன்னிக்குத்தான் வந்துச்சு. கூரையும் இன்னிக்குத்தான் வந்துச்சு.”

“என் கட்டுரைக்கும் கூரைக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“அதையும் பாத்துடுவோமே. அடுத்தது கிடைச்சா, தயவுசெஞ்சு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

அடுத்தது கிடைத்தது. அவர் மூச்சு விடவில்லை, கூரை போனது. சொன்னார், வந்தது. விஞ்ஞானிகள் என்பதால் இன்னும் சில முறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டு முடிவை ஏற்றுக்கொண்டார்கள். தங்கச்சி கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினாள். யார் எதைக் கண்டாலும் வானத்தில் அதன் இடத்தை உடனே அதில் எழுதிவிட வேண்டும், பக்கத்துக் கட்டத்தில் தன் பெயரை எழுத வேண்டும். முதல் வருஷம் சாக்பீஸைத் தொடவே கை கூசினார்கள். அடுத்த வருஷம் எழுதினார்கள். அதற்கடுத்த வருஷம் எழுத இடம் போதவில்லை. மேஸ்திரி கூடத்துக்கு வெள்ளையடித்தார், கேபிள்கள் வந்தன, மேசைகள் வந்தன. கூரை ஒழுங்காக இருந்தது.

அதனால்தான் அதிகாரி போனதும் அவள் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டாள். மலைக்காரர் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தார். கணக்குக்கார அம்மாள், “நாங்க எதையும் பாக்குறதே இல்லையே தங்கச்சி, எங்கேருந்து மறைக்க?” என்றாள். ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதற்குரிய அவள் அண்ணன், காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தார். தங்கச்சி அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்த அண்ணி, “காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீயே போய்ப் பாரு” என்றாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, மடித்த துணிகளையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

“ரிட்டையர் ஆகுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணாவது என் பேர்ல வரட்டுமே” என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. “சின்ன வயசுல நண்பன்னு நம்பி ஒருத்தன்கிட்ட டீக்கடையில வச்சுச் சொன்னேன். இன்னிக்கும் அது அவன் பேர்லதான் இருக்கு.”

“தெரியும். அப்ப நீ சாப்பிடாமக் கிடந்ததையும் பாத்தவதானே நான்.”

“அப்புறம் எதுக்கு வந்த?”

“கேக்க வரலைண்ணா. சொல்லிட்டுப் போக வந்தேன். கூரை இல்லைன்னாலும் வேலை நிக்காது. இடத்தைப் புடுங்கினா ரோட்டோரம் மேசை போட்டு உக்காருவோம்.” எழுந்தவள், வாசற்படியில் நின்றாள். “எப்படி இருக்கு அது?”

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. “விட்டு விட்டு அடிக்குது. இந்த மாதிரி ஒண்ணை நான் கேட்டதே இல்ல. ஆனா நேத்தைக்கு இன்னிக்கு மெலிஞ்சிருக்கு.”

“என்னது அது?”

அவர் கையிலிருந்த சட்டையைப் பார்த்தார்.

“உனக்கே தெரியலைல்ல? தட்டை மட்டும் வச்சுக்கிட்டு எப்படித் தெரியும்? அணைஞ்சதும் உன் பேரை வச்சுடலாம்ணா. எதுக்கு வச்சோம்னுதான் யாருக்கும் தெரியாது.”

அதற்குப்பின் அவர்கள் குடைக்குக் கீழே வேலை செய்தார்கள். கணினிகளுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, கை நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொண்டார்கள். சாக்பீஸ் ஊறிப்போகாமலிருக்க மலைக்காரர் அதை டிபன் பாக்ஸில் வைத்தார். ஒரு கையில் குடை பிடித்து மறுகையால் தட்டச்சுச் செய்வது முதலில் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. லாரிக்காரர்கள் வந்து இடத்தை அளந்துவிட்டுப் போனார்கள். தங்கச்சி அவர்களுக்கு அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, உள்ளே போய் வேலையைத் தொடர்ந்தாள்.

மாதத்தின் கடைசி நாள் மத்தியானம் அண்ணன் வந்தார். குடை கொண்டுவரவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஒருவரையும் பார்க்காமல் கரும்பலகைக்குப் போய், டிபன் பாக்ஸைத் திறந்து, வானத்தில் அதன் இடத்தை எழுதினார். ஈரப் பலகையில் எழுத்து மங்கலாக விழுந்ததால் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை அழுத்தி எழுதினார். மலைக்காரர் அதற்குள் போனை எடுத்து, அப்போது இரவாக இருந்த வேறொரு கண்டத்து மலையைக் கூப்பிட்டு, “திருப்புங்கய்யா, கேள்வி அப்புறம் கேளுங்க, முதல்ல திருப்புங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார். மழைச் சத்தம் மெல்லத் தலைக்கு மேலே ஏறிக்கொண்டது. எல்லோரும் குடையை மடக்கினார்கள், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம் அதிகாரி வந்து ஏணியில் ஏறிக் கூரையைத் தட்டிப் பார்ப்பார், எதற்கு மூன்று என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

ஒளி கிடைத்துவிட்டது என்று மலைக்காரர் சொன்னார். கணக்குக்கார அம்மாள் உறையைக் கிழித்தெறிந்துவிட்டுத் திரையில் மூக்கு படும்படி குனிந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, “ரெண்டு!” என்று அலறினாள். “ஒண்ணில்ல! செத்துப்போன ரெண்டு நட்சத்திரம், ஒண்ணை ஒண்ணு விழுங்கியிருக்கு!”

அண்ணன் “ரெண்டா?” என்று உதட்டை மட்டும் அசைத்தார். கண்ணாடியைக் கழற்றி ஈரச் சட்டையிலேயே துடைத்துப் போட்டுக்கொண்டார். பலகையில் பெயர் எழுதும் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. தங்கச்சி சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, “நான் கேட்டது ஒண்ணு. ரெண்டுன்னு கண்டது நீங்க எல்லாரும்தானே” என்றார். பிறகு சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்து, மழைக்குள் இறங்கிப் போனார்.