கிராம்பு எண்ணெய்த் தொட்டி

பண்ணைக்காரருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். மீன் தும்மியதுபோலத் தோன்றினால்கூடத் தொட்டியில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டிவிடுவார். கடைசியில் கிருமிகள் அதைத் தீனியாகவே நினைக்கத் தொடங்கிவிட்டன. மீன்களுக்கு உடம்பெல்லாம் புண். ஒவ்வொரு தொட்டியாகக் காலியாகி, மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் போனால் பண்ணையை மூடிவிட்டு, மச்சினனின் பல் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மச்சினன் நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டான்.

மனைவிக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எந்த மருந்துக்கும் மசியாத அந்தக் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, தம்பி கொடுத்த கிராம்பு எண்ணெயை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். கிருமி வாலைச் சுருட்டிக்கொண்டது. தீனியில் கொஞ்சம் கலந்து பார்க்கலாம், அளவை வந்து சொல்கிறேன் என்று போனில் சொன்னாள். ஒரு சொட்டுக்கே இந்தப் பாடென்றால், மச்சினன் பண்ணையில் வைத்துவிட்டுப் போன ஒரு கேன் என்னதான் செய்யாது என்று இவர் யோசித்தார். அவள் வந்து சேர்வதற்குள் கேன் காலி.

மீன்கள் மொத்தமும் மல்லாந்து மிதந்தன. பண்ணைக்காரர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். துக்கம் விசாரிக்க வந்த மச்சினன், இவருக்கான வெள்ளைக் கோட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தான். அழுதுகொண்டே போட்டுப் பார்த்தார். கை சற்று நீளம்.

மனைவி மட்டும், புண் எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒரு பிணத்தை எடுத்து வாளித் தண்ணீரில் அலசினாள். பிணம் வாலால் அவள் கன்னத்தில் ஒன்று வைத்தது.

மச்சினன் அப்போதுதான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "கிராம்பு எண்ணெய் மரத்துப்போக வைக்கும்ல. இதெல்லாம் சாகல மச்சான், மயக்கத்துல இருக்கு."

பண்ணையை மூடச் சொல்லி வருஷக்கணக்காக நச்சரித்தவள்தான் முதலில் தொட்டிக்குள் குதித்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மூவருமாக மீன்களை அள்ளி, கழுவி நிரப்பியிருந்த பக்கத்துத் தொட்டியில் விட்டார்கள். ஒவ்வொன்றாகப் புரண்டு நீந்தத் தொடங்கியதும், ஒரு மணி நேரத்துக்கு எதையும் மெல்லக் கூடாது என்று மச்சினன் பழக்கதோஷத்தில் மீன்களிடம் சொல்லிவைத்தான்.

"கிருமி?" என்று பண்ணைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"மீன் உடம்புக்குள்ள அது நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருக்கு," என்றாள் மனைவி. "நாளையிலேர்ந்து தீனியில கலந்து பாக்கலாம். சொட்டு நான் விடறேன். நீங்க அந்த நாற்காலிய இங்க கொண்டாந்து போட்டு, கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

பண்ணையை மூடச் சொல்லவில்லை அவள். இப்போதுதான் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கோட்டின் நீளமான கை உதவியது.