கிழங்கோடு பிடுங்கிய கோரை

ஊரிகத்தில் சம்பங்கி என்பவனுக்குப் பதிலாகப் புதைத்த கோரைப் பொம்மை, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறாம் வருடம் மாசி மாதத்தில் இடுகாட்டை விட்டுப் புறப்பட்டு நடக்கத் தொடங்கியது. ராத்திரிக்கு ஒரு சாண் நடந்தது. அந்த வருடம் கேழ்வரகு விலை ஏறிக்கிடந்ததால், முதல் மாதம் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

சம்பங்கி குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். ஊரிகத்தை ஒட்டி ஒரு சின்னக் கம்பெனி அப்போது தங்கச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. பிற்பாடு நொடித்துப்போய் அதன் பேர்கூட யாருக்கும் நினைவில்லை. அதன் ஷாஃப்டில், கூண்டு இறங்கும் ஆழக் குழியில், காலை ஷிப்டுக்குப் போனவன் மேலே வரவில்லை. இறங்கும்போது வாங்கும் பித்தளை பில்லையை ஏறியதும் திருப்பித் தரவேண்டும். அவன் பில்லையும் வரவில்லை. அன்றைக்கே அடி லெவல் சுரங்கப்பாதையில் தண்ணீர் புகுந்து, அதை அப்படியே அடைத்துவிட்டார்கள். உள்ளே ஆள் இருந்ததா என்று தேடினால் தண்ணீரை இறைக்க வேண்டும், வேலை நிற்கும். ஆகவே மேஸ்திரி ஒரே வார்த்தையில் முடித்தான்: சம்பங்கி ஓடிப்போய்விட்டான், பில்லையோடு. சுரங்கத்துக்குப் பயந்து ஓடியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் என்பதால் ஊரும் அதை நம்பியது. வேலூரில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று கூலிகளின் லைன் வீடுகளில் பேச்சு. பார்த்தவன் யாரென்று கேட்டால் ஒருத்தரும் இல்லை. வாய் மட்டும் எல்லோருக்கும் இருந்தது.

அவன் பெண்சாதி மங்கம்மா தவித்த தவிப்பைச் சொல்லி மாளாது. புருஷன் செத்தானென்றால் தாலியைக் கழற்றி ஓவென்று அழலாம். ஓடினானென்றால் மண்ணை வாரித் தூற்றலாம். இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டு வருடம் தலையில் பூவை வைப்பாள், தெருமுனை போவதற்குள் எடுத்துவிடுவாள். கடைசியில் அவளே முடிவு செய்தாள். உடல் கிடைக்காதவனுக்குக் கோரையில் ஆள் உருவம் கட்டி, மாலை போட்டு, புதைத்துக் கருமாதி செய்வது அவர்கள் வழக்கம். கோரை கொண்டுவர ஆண்துணை இல்லாததால், சம்பங்கியோடு ஒரே ஷிப்டில் இருந்த ஆபிரகாம் பேத்தமங்களா ஏரிக்குப் போனான். ஷாஃப்டில் தண்ணீர் புகுந்த அன்று அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். அந்தக் காய்ச்சலுக்காக அவன் தன்னையே மன்னிக்கவில்லை.

தவறு அங்கேதான் நடந்தது. பொம்மைக்குக் கோரையைத் தரைக்கு மேலே அறுத்து, வெளுக்கும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். ஆபிரகாம் வேதக்காரன், அவனுக்கு இது யார் சொன்னார்கள்? ஏரியில் தண்ணீர் வடிந்த ஓரத்துச் சேற்றில் இறங்கி, சம்பங்கி அண்ணனுக்கு நல்லதாகப் போகட்டும் என்று, ஒன்றுவிடாமல் கிழங்கோடு பிடுங்கி ஈரச் சாக்கில் கட்டிவந்தான். கோரைத் தண்டு முக்கோணம், கணு கிடையாது, விரலிடுக்கில் வைத்தால் புல்லைப்போல் உருளாது. அதன் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. கறுத்த சின்னக் கிழங்கு, அதிலிருந்து கயிறுபோல ஒரு வேர், அந்த வேர்முனையில் அடுத்த கிழங்கு, இப்படியே போகும். மேலே எரித்தாலும் கீழே சாகாது. அழுத கண்களோடு பொம்மையைக் கட்டிய பெண்களும் கிழங்கைக் கவனிக்கவில்லை.

எட்டாம் நாள் இடுகாட்டில் கோரை முளைத்தது. தலை, விரித்த கை, கால் எல்லாம் இருந்தன. இடது தோள் சம்பங்கிக்கு இருந்ததுபோலவே கொஞ்சம் இறங்கியிருந்தது. கோரைக்குக் கால் தண்ணீரில் நிற்க வேண்டும். குடிக்கவே குடத்துக்குச் சண்டை போட்ட அந்தக் கோடையில், அதன் அடியில் மட்டும் சதசதவென்று ஈரம். பிறகு அது நகர்ந்தது. முன்னால் புதுக் கிழங்கு இறங்கும், பின்னால் பழைய தண்டு காயும். தண்டவாளத்தைத் தாண்டியது. மேனேஜர் துரையின் ரோஜாத் தோட்டத்தில் நுழைந்தபோது அவர் அதை வெட்டச் சொன்னார். வெட்டிய ஒவ்வொரு கிழங்கும் இரண்டாக முளைக்கவே, மறுவாரம் முன்னைவிட அகலமான மார்போடு படுத்திருந்தது. துரை வேலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"பொம்மைகூட ஓடுது பாரு," என்று லைனில் சிரித்தார்கள். மங்கம்மாவுக்கு அது நெஞ்சில் குத்தியது. தினம் வேலை முடிந்ததும் போய் அதன் தலைமாட்டில் உட்காருவாள். "செத்தும் ஒரு எடத்துல இருக்கமாட்டியாய்யா? நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று கேட்பாள். கோரை காற்றுக்கு ஆடும், அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் அது கூட்டுரோட்டுக்கு வந்தது. வலப்பக்கம் போனால் ரயில்வே ஸ்டேஷன், அங்கிருந்து வேலூர். இடப்பக்கம் ஷாஃப்ட். வந்த இடத்தில் அது நின்றுவிட்டது. கோடை முழுக்க நின்றது. ஊர் வேலைவெட்டியை விட்டு வேடிக்கை பார்த்தது. மேஸ்திரி வந்து குடையை ஊன்றிக்கொண்டு, "டிக்கெட்டுக்கு நிக்குது," என்றான். மங்கம்மா சோறு இறங்காமல் எலும்பும் தோலுமானாள். ஆபிரகாம் ஒரு சாயங்காலம் சொன்னான், "அண்ணி, அது எந்தப் பக்கம் போனாலும் எங்க அண்ணன் ஓடியிருக்கமாட்டாரு. நீங்க துன்னுங்க."

"நீ சொல்லுவ. எனக்குத் தெரியணும்ப்பா," என்றாள் அவள்.

ஆடியில் ஒரு தூறல் விழுந்தது. விடிந்து பார்த்தால் கோரை இடப்பக்கம் ஒரு சாண் திரும்பியிருந்தது. சிரித்தவர்கள் அன்று அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். மேஸ்திரி குடையோடு வேறு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

ஷாஃப்ட் வாயை அடைய இன்னொரு வருடம் பிடித்தது. அங்கே குப்புறப் படுத்து, கிணற்றை எட்டிப் பார்ப்பவன்போலத் தலையை உள்ளே தொங்கவிட்டது. வேர்க்கயிறு மட்டும் கிழங்கு கிழங்காகக் கீழே இறங்கியது. வெயிலே படாத இருட்டில், லெவல் லெவலாக, மரச்சட்டங்களைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைக் கூண்டில் போகிறவர்கள் விளக்கைத் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு அடைத்த லெவலின் சுவர் இடுக்கில் அது நுழைந்தது. உள்ளிருந்த தண்ணீர் மாதத்துக்கு ஒரு முழம் குறைந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருடம் ஐப்பசியில் ஒரு காலை, கீழே எதையோ பற்றிக்கொண்டதுபோல வேர்க்கயிறு விறைத்து நின்றது.

ஆபிரகாம்தான் முதலில் கை வைத்தான். பிறகு ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் பிடித்தார்கள். துரை பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. உச்சிப்பொழுது வரை இழுத்தார்கள். கடைசியில் ஒரு பாய்ச் சுருள் வந்தது. யாரும் நெய்யாத, பச்சை வாடாத கோரைப் பாய். பிரித்தபோது உள்ளே சம்பங்கி இருந்தான். பாதங்கள் மட்டும் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. மற்றபடி இறங்கிய அன்று இருந்த அதே இருபத்தாறு வயது. மூடிய கைக்குள் பித்தளை பில்லை.

மங்கம்மாவுக்கு அதற்குள் முன்மண்டை நரைத்திருந்தது. அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு அவன் காதோரம் குனிந்து, "நானும் நம்பிட்டேன்யா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரொம்ப நாளு நம்பிட்டேன்," என்றாள். அதன் பிறகுதான் ஏழு வருடத்து அழுகை வந்தது. சுற்றி நின்றவர்களில் அழாதவர் இல்லை. பில்லையை வாங்கிக்கொள்ள வேண்டிய மேஸ்திரி கையை நீட்டாமலே போனான். இடுகாட்டில் பொம்மையைப் புதைத்த பழைய குழி சம்பங்கிக்கு அளவாக இருந்தது, இறங்கிய தோளுக்குக்கூட. அன்று சாயங்காலம் மங்கம்மா தாலியைக் கழற்றினாள். அந்த ராத்திரி அவள் விடியும்வரை அசையாமல் தூங்கியதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

ஓடிப்போனதாகப் பேர் வாங்கிய புருஷன் ஊரிகத்தில் இன்னும் எத்தனையோ பெண்களுக்கு இருந்தான். அந்தத் தை மாதமே பேத்தமங்களா ஏரிக்கரையில் பெண்கள் வரிசையாகச் சேற்றில் இறங்கினார்கள். அறுவாள் யாரும் கொண்டுபோகவில்லை. கிழங்கு அறாமல் எப்படிப் பிடுங்குவதென்று ஆபிரகாம் காட்டிக்கொடுத்தான். இப்போது இடுகாட்டு மேட்டிலிருந்து பார்த்தால் பச்சை ஆட்கள் ஒவ்வொரு ஷாஃப்டையும் பார்த்துப் படுத்திருப்பது தெரியும். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இதுவரை ஒருவர்கூடத் திரும்பவில்லை. வண்டிக்காரர்கள் அவர்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.