காத்தவராயன் என்கிற திமிங்கலம்

கடற்கரையிலிருந்து வந்தவளுக்குக் கடலைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று சிதம்பரத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள்.

பதினொரு வயது அறிவுமதி கடலூர் சோனாங்குப்பத்தில் பிறந்தவள்தான். அவளுடைய அப்பா கதிரவன் விசைப்படகு ஓட்டுகிறவர்தான். ஆனால் அவள் ஒருநாள்கூடப் படகில் ஏறியதில்லை. பெண்பிள்ளைகளை அழைத்துப் போகிற வழக்கம் அங்கே இல்லை. அவளும் கேட்டதில்லை. அலைச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் புத்தகம் படித்தவள் அவள்.

அம்மா ஜோதிலட்சுமி குரூப் ஃபோர் தேர்வு எழுதி, சிதம்பரத்தில் அரசு வேலை கிடைத்ததும், பொங்கல் முடிந்து தாயும் மகளும் இங்கே வாடகைக்கு வந்தார்கள். அப்பா கடலூரிலேயே இருந்தார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார், வந்ததும் தூங்குவார்.

தெருப் பிள்ளைகள் கூடுவது அவர்கள் குடிவந்த வீட்டின் மாடிப்படியில்தான். முதல் இரண்டு வாரம் அவளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. "தள்ளி உக்காந்து படி, நாங்க விளையாடுறோம்ல" என்பார்கள். மூன்றாவது வாரம் எதிர்வீட்டு சினேகா கேட்டாள்.

"உங்கப்பா கடலுக்குப் போறவராமே? திமிங்கலம் பாத்திருக்காரா?"

இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"பாக்காமயா? ஒன்னு எப்பவும் படகு கூடவே வரும். அதுக்கு அப்பா பேருகூட வெச்சிருக்காரு. காத்தவராயன்."

அன்றைக்கே நடுப்படியில் இடம் கிடைத்தது. படித்ததையெல்லாம் அப்பாவின் மேல் ஏற்றினாள். அப்பா நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்தார். ஆளில்லாத தீவில் மூன்று நாள் தேங்காய் மட்டும் தின்று உயிர் பிழைத்தார். பங்குனி முடிவதற்குள் அறிவுமதி வராமல் அங்கே எந்த விளையாட்டும் தொடங்குவதில்லை என்றாகிவிட்டது.

இத்தனை படித்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்; இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அன்று காலை அப்பா ஒரு பையோடு வந்து இறங்கினார். தூங்கி எழுந்து, சாயந்திரம் மாடிப்படியில் காற்று வாங்க உட்கார்ந்தார். ஐந்தே நிமிடத்தில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அறிவுமதி நடுப்படியில் மாட்டிக்கொண்டாள்.

"அங்கிள், காத்தவராயன் எப்படி இருக்கான்?" என்று ஆரம்பித்தான் சினேகாவின் தம்பி அரவிந்தன்.

"யாரு, ஐஸ் கம்பெனில இருந்தானே, அவனா? அவன் திருப்பூர் போயிட்டானே!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திமிங்கலம் அங்கிள்."

"திமிங்கலமா? நான் எங்க பாத்தேன்?"

"நட்சத்திரம் பாத்துத்தான போவீங்க?" என்றாள் சினேகா.

"ஜிபிஎஸ் இருக்கும்மா. அது ரிப்பேரானா பக்கத்துப் படகுக்காரன வயர்லெஸ்ல கூப்புடுவோம்."

"ராத்திரில கடல்ல என்னா பண்ணுவீங்க?"

"வலை போட்டுட்டுத் தூங்குவோம். தூக்கம் வரலன்னா செல்போன்ல படம். டீசல் வெல ஜாஸ்தியாயிடுச்சா, அதப் பத்திப் பேசுவோம்."

தன் கதை முடிந்தது என்று அறிவுமதி கண்ணை மூடிக்கொண்டாள். அரவிந்தன் அவள் காதருகே வந்தான்.

"உங்கப்பா நெஜமாவே கடலுக்குப் போறவரா? ஒன்னுமே தெரியலியே. நீ சொன்னதுல கால்வாசிகூடத் தெரியல."

"படகுல சோறாக்குறவரா இருப்பாரு" என்றாள் சினேகா, கொஞ்சம் பரிதாபத்தோடு.

அது அப்பா காதிலும் விழுந்தது. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே எழுந்து உள்ளே போனார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள். உள்ளே அம்மா சிரிப்பது கேட்டது. "என்னா மாமா, இருவது வருசம் கடல்ல என்னாதான் பாத்தீங்க?"

அறிவுமதி இப்போது பேசாமல் இருந்தால் போதும். அவளுடைய இடத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அவரு படகு ஓட்டுறவரு" என்றாள். "நான்தான் கடலுக்குப் போனதே இல்ல. திமிங்கலம், தீவு எல்லாம் புத்தகத்துல படிச்சது. அவரு சொன்னதுதான் நெஜம். நான் சொன்னது அத்தனையும் பொய்."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கப் போனாள். சினேகா கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போற? அப்பாவ விட்டுக்குடுக்க மாட்டேங்குற, அவ்ளோதான? எங்களுக்குப் புரியாதா?"

"இல்லப்பா, சத்தியமா!"

"பாரு, சத்தியமே பண்றா" என்றான் அரவிந்தன் உருகிப்போய். "நானா இருந்தா எங்கப்பாவுக்காக இவ்ளோ பண்ண மாட்டேன்."

சினேகா வீட்டுக்கு ஓடி, பள்ளியில் பரிசாக வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். முழுக்கக் கடலைப் பற்றியது. "தடைக்காலம் முடியறதுக்குள்ள உங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டிடு. திரும்பப் போறப்ப கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருக்கட்டும்."

அவள் உள்ளே போனபோது அப்பா, அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறிவுமதி நடந்ததையெல்லாம், திமிங்கலம் முதற்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தாள். அவர் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். நான்கைந்து பக்கம் புரட்டினார்.

"பரீட்சை ஏதாச்சும் வெப்பாங்களா பாப்பா?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை.

"வாயாலதான் கேப்பாங்கப்பா" என்றாள் அவள்.

"அப்ப இப்பவே ஆரம்பிச்சுடலாம்" என்று அவர் பாயை விரித்தார்.