ஒரு முறைக்கு ஒரே கையெழுத்து

அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குக் கீழே அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்கேடான பிளாக்செயினில் அது ஒரு சரிபார்ப்பாளர். மூன்று வருடமாக ஒரு வேளைகூட மட்டம் போட்டதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் அண்ணன் பீற்றிக்கொள்வார். பாவம், அவர்களுக்கு ஒரு மண்ணும் புரியாது.

புதிய பிளாக்கை, அதாவது அந்த ஏட்டின் அடுத்த பக்கத்தை, முன்வைக்கும் முறை ஐந்தாறு மாதத்துக்கு ஒருதரம்தான் அதற்கு வாய்க்கும். அப்போது பிளாக்கைச் சொந்தமாகக் கட்டாமல் வெளியே இருக்கும் பில்டர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கருவி எழுதியவள் தங்கை. பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் ஓடும். பரிசோதனைதான். நம்பி முதலில் தன் கம்ப்யூட்டரைக் கொடுத்தவர் அண்ணன். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கொடுத்தார்கள்.

பில்டர் மூடிய உறையைத்தான் அனுப்புவான். உள்ளே பார்க்காமலே கம்ப்யூட்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் பிரித்துக் காட்டுவான். எப்போதாவது காட்டாமலே கம்பி நீட்டிவிடுவான். அந்த முறை வீண்.

"முறை வந்துடுச்சு! இன்னும் ஆறு நிமிஷம்!" கையில் யாருடைய கண்ணாடியோ இருக்க, அண்ணன் குதித்தார்.

பூரிப்போடு தன் நிரலைத் திரும்பப் பார்த்த தங்கையின் கண் ஓரிடத்தில் நின்றது. போன வாரம் அவள் சேர்த்த ஒரு வரி: பில்டர் ஏமாற்றினால் நாமே ஒரு பிளாக் கட்டிக் கையெழுத்துப் போடு. அண்ணனின் முறை வீணாகக் கூடாதே என்று சேர்த்தது. ஆனால் உறைக்கு ஒன்று, சொந்த பிளாக்குக்கு ஒன்று என ஒரே முறைக்கு இரண்டு கையெழுத்து விழுந்தால் பிளாக்செயின் வலைப்பின்னலுக்கு அது மோசடி. காரணம் கேட்காது; கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், நிரந்தரமாக.

பில்டர் ஏமாற்றினால்தானே? பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

"அண்ணா, அதை நிறுத்து. நான் தப்புப் பண்ணிட்டேன்." விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "அந்த ஒரு வரியை மாத்திட்டு ஓட விடேன்."

"அவசரத்துல மாத்தித்தான் இந்தக் கூத்தே."

அண்ணன் கையிலிருந்த கண்ணாடியை மேஜையில் வைத்தார். குனிந்து கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவருடைய முறை காலியாகப் போனது.

சிறிது நேரத்தில், அந்த நாலு பேரும் இருக்கும் போன் குழுவில் அண்ணனின் செய்தி வந்தது: 'என் கால் பட்டு ஒயர் பிடுங்கிக்கிச்சு.'

"ஏன் இப்படி எழுதினே?"

"உன் பேரு கெட வேண்டாம்னுதான்."

"அதே பாசத்துலதான் அண்ணா நானும் அந்த வரியை எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்கை கீழே எழுதினாள்: 'கால் படலை. தப்பு என் கருவியில. எல்லாரும் உடனே நிறுத்துங்க.' மூன்று பேர் நிறுத்திவிட்டதாகப் பதில் போட்டார்கள். நாலாவது ஆளிடமிருந்து சத்தமே இல்லை.

"அவன் செய்தியெல்லாம் பார்க்க மாட்டான்" என்று அண்ணன் போனை எடுத்தார்.

"இப்பவே நிறுத்துப்பா. ஆமா, தங்கச்சி எழுதினதுலதான் தப்பு." பிறகு, கம்ப்யூட்டரைப் பற்றி வழக்கமாகப் பீற்றிக்கொள்ளும் அதே குரலில் சொன்னார்: "யாரும் கேக்கலை. அவளாவே வந்து சொன்னா."