5120க்கு ஒரு பேர்

டோகோ நாட்டின் லோமே நகரத்தில் அமுஸு துணிக்கடையின் மாடியறையில் மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் அது மெசானின் நேரம். கடையின் வலைத்தளத்துக்கு உள்வேலை பார்க்கிற எஞ்சினியர் அவன். ஒரு கையில் பொரித்த வள்ளிக்கிழங்கும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டு, வாடிக்கையாளர்கள் தேடல் பெட்டியில் தட்டி ஒன்றும் கிடைக்காமல் போன வரிகளை, குரலை மாற்றி மாற்றி வாசிப்பான்.

“‘பார்த்துட்டு பதில் போடல.’ இன்னைக்கு மட்டும் பதினோரு பேரு. எந்தப் பய ஏமாத்தினானோ, பாவம். அடுத்தது, ‘மாமியாருக்குத் தெரியாது.’ சரிம்மா, நாங்களும் சொல்ல மாட்டோம்.”

போன் எடுக்கிற ஆயோகோ சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிக் கிடப்பாள். அகோஃபாவும்தான் சிரித்தாள். துணி தேடச் சொல்லிப் பெட்டி வைத்தால் ஊர்ப் பெண்கள் அதில் பாவமன்னிப்புக் கேட்கிறார்கள் என்பது மெசானின் கண்டுபிடிப்பு. அதனால் ஒரு சொல்லுக்கு மேல் எது வந்தாலும் தேடாமலே குப்பைக்குப் போகும்படி ஒரு விதியும் எழுதி வைத்திருந்தான். வாசித்துச் சிரிப்பதற்காக அந்தக் குப்பையை அழிக்காமல் வைத்திருந்தான் என்பதுதான் அவன் செய்த ஒரே புண்ணியம்.

அந்தத் தளத்தை வரைந்தவள் அகோஃபா. வங்கி கவுன்ட்டர் உத்தியோகத்தை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசாததையும் பொறுத்துக்கொண்டு வந்தவள். வெள்ளைப் பின்னணி, பெரிய படம், படத்துக்குக் கீழே துணியின் எண், விலை, ‘கூடையில் போடு’ என்று ஒரு பொத்தான். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பாரிஸ் கடை மாதிரி இருக்கிறது என்று முதலாளி அமுஸு மெச்சினார். ஆயிரக்கணக்கில் பெண்கள் வந்தார்கள், தேடினார்கள், போய்விட்டார்கள். கூடை மட்டும் காலியாகவே கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சிரிப்பு அடங்குவதற்குள் அமுஸு படியேறி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தன் ரசனைமேல் அபார நம்பிக்கை. போன வருடம் அவரே தேர்ந்தெடுத்து நானூறு துண்டு இறக்கிய 5120, பச்சைத் துணியில் குறுக்கும் நெடுக்கும் வெள்ளை ஜிப் படம் போட்டது, இன்றுவரை ஒன்றுகூட விற்கவில்லை. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. ஒரு வாரம் பார்க்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை தளத்தை மூடிவிட்டுச் சரக்கை மொத்த வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறேன் என்றார். அகோஃபாவைப் பார்த்து, வங்கியில் இன்னும் இடம் இருக்குமா என்று அக்கறையாகத்தான் கேட்டார். அந்த அக்கறைதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. மனசு சரியில்லை என்றால் லோமேப் பெண் தலை பின்னிக்கொள்ளப் போவாள். பே என்கிற பகுதியில் வழக்கமான பின்னல்காரியிடம் போய் உட்கார்ந்தாள். பாதித் தலை முடிந்திருக்கும், ஒரு பெண் உள்ளே நுழைந்தாள். கருநீலத் துணியில் வரிசை வரிசையாக வாட்ஸ்அப் இரட்டை டிக் குறி. அகோஃபா பார்த்த உடனேயே அடையாளம் கண்டுகொண்டாள். 4417. தளத்துக்காக அதைப் படம் பிடித்தவளே அவள்தான்.

பின்னல்காரி நிமிர்ந்து பார்த்து, “அடியே, ‘பார்த்துட்டு பதில் போடல’ கட்டிக்கிட்டு வந்திருக்கே. யாருக்கு சேதி சொல்றே?” என்றாள்.

அகோஃபா சட்டென்று திரும்பினாள். திரும்பிய வேகத்தில் முடி பின்னல்காரியின் கையோடு போயிருக்கும்.

“அக்கா, இந்தத் துணிக்கா அந்தப் பேரு?”

“பின்னே? சந்தையில இறங்கின அன்னைக்கே விழுந்த பேரு.” அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துத் துணியைத் திருப்பிக் காட்டினாள். “அமுஸு கடை சைட்டுலகூட தேடிப் பார்த்தேன். இல்லவே இல்லைன்னு சொல்லிருச்சு. அப்புறம் வெயில்ல அலைஞ்சு சந்தையில வாங்கினேன்.”

கிடங்கில் அதே துணி முந்நூறு துண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

துணிக்குப் பேர் வைக்கிற வழக்கம் இந்த ஆபீஸ் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். அம்மாக்களின் பெட்டியிலிருந்த பழைய துணிகளின் பேர் நாலைந்து எல்லாருக்கும் மனப்பாடம். அம்மாக்களோடு அந்த வழக்கம் முடிந்துவிட்டது என்று இவர்களாக நினைத்துக்கொண்டார்கள். ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு மாடியில் உட்கார்ந்தால் சந்தையில் நடப்பது எங்கே காதில் விழும்? கீழே ஒவ்வொரு புதுத் துணிக்கும் சுடச்சுடப் பேர் விழுந்துகொண்டே இருந்தது. கட்டுகிற பெண் எண்ணைப் பார்த்தா கட்டுகிறாள்? தெருவில் தன் வாய் சொல்லாததைத் தன் இடுப்பு சொல்லட்டும் என்றுதான் கட்டுகிறாள்.

பாதித் தலைப் பின்னலோடு, மீதியைத் துண்டால் கட்டிக்கொண்டு அகோஃபா எழுந்தாள். பின்னல்காரி திட்டியது தெருமுனை வரை கேட்டது. மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் நேரே மெசான் வீட்டுக்குப் போனாள். அவன் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் டிவியை அணைத்தாள்.

“உன் குப்பைத் தொட்டியைத் திற. அது குப்பை இல்ல மெசான். அத்தனை பேரும் நம்ம கடைக்கு வாங்க வந்தவங்க.”

திறந்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வரி. ‘கரண்ட் போச்சு’, ‘விசா கிடைச்சாச்சு’, ‘அவ கார் கடன் கார்’. நேற்று வரை வயிறு குலுங்கச் சிரித்த வரிகளை இப்போது படிக்கும்போது மெசான் தலையை நிமிர்த்தவே இல்லை. அகோஃபாவுக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசலுக்கு வந்தவர்களை இரண்டு வருடமாக ‘இல்லை’ என்று விரட்டியது அவள் வரைந்த பக்கம்தான்.

ஆனால் எந்தப் பேர் எந்தத் துணிக்கு? சந்தைக்காரிகளிடம் கேட்கலாம் என்றான் மெசான். போட்டிக் கடைக்கு எந்த வியாபாரி வாய் திறப்பாள்? திறந்தாலும் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிவிட்டு மாலைவரை சிரிப்பாள். அகோஃபா துண்டை அவிழ்த்துத் தலையைச் சொறிந்தாள், மறுபடி கட்டினாள். பிறகு பொரித்த கிழங்கு வந்த எண்ணெய்க் காகிதத்தைத் திருப்பிப்போட்டு வரைய ஆரம்பித்தாள்.

தேடியது கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்கிற பக்கமே இனி வேண்டாம். அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு துணிப் படங்கள், மேலே ஒரே வரி: ‘எங்களுக்குத் தெரியவில்லை, இதில் எது என்று காட்டுங்கள்.’ அவற்றில் இல்லை என்றால் இன்னும் பன்னிரண்டு. ஒரே பேரைச் சொல்லி மூன்று வெவ்வேறு பெண்கள் ஒரே துணியைத் தொட்டால், அந்தப் பேர் படத்துக்குக் கீழே தானாக ஏறிவிடும். ஒருத்தி விளையாடுவாள், இரண்டு பேர் தடுமாறுவார்கள், மூன்று பேர் ஒன்றுபோலப் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. தெரியாது என்று வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்கிற கடையை மெசான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காததால்தான் நாம் இப்படி இருக்கிறோம் என்றாள் அகோஃபா. ஞாயிறு முழுக்க இருவரும் உட்கார்ந்து முடித்தார்கள்.

திங்கள் காலை அமுஸு பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

“இந்தச் சண்டைக்காரி பேச்செல்லாம் என் கம்பெனி பேருக்குக் கீழ வரணுமா? என் மாமியார் பார்ப்பாங்கம்மா.”

மூலையிலிருந்து ஆயோகோதான் மெதுவாகச் சொன்னாள். “முதலாளி, நேத்து சர்ச்சுக்கு உங்க மாமியார் மஞ்சள்ல மீன் தூண்டில் போட்ட துணி கட்டிக்கிட்டு வந்தாங்க. பூசைக்கு முன்னாடியே பொம்பளைங்க எல்லாம் அதைச் சொல்லித்தான் சிரிச்சாங்க. அதுக்குப் பேரு, ‘மருமகன் மாட்டிக்கிட்டான்’.”

அமுஸு வாயைத் திறந்தார், மூடினார். அந்த இடைவெளியை அகோஃபா விடவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டுவிடுங்கள், அன்றைக்கும் கூடை காலியாக இருந்தால் நானே கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன் என்றாள். அவர் இறங்கிப் போனார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று மெசான் புதுப் பக்கத்தை வெளியிடும் பொத்தானைத் தட்டினான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் முதல் பேர் ஏறியது. 4417, பார்த்துட்டு பதில் போடல. சாயந்திரத்துக்குள் இருபத்தாறு துண்டு போயிற்று. புதனன்று போன் ஓயவில்லை. நீங்கள் ‘கரண்ட் போச்சு’ என்று போட்டிருப்பதற்கு எங்கள் ஊரில் ‘ராத்திரி வா’ என்று பேர் என அட்டாக்பாமேக்காரிகள் சண்டைக்கு வந்தார்கள். அகோஃபா இரண்டு பேரையும் போட்டாள். இரண்டு ஊரும் வாங்கியது. ஆயோகோவுக்குக் கேட்க வேண்டுமா, ஆர்டர் எடுத்த கையோடு ஒவ்வொருத்தியிடமும் திங்கட்கிழமைக் கதையை, மாமியாரின் துணி முதலாளியின் வாயை அடைத்த கதையை, கண் காது மூக்கு வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வியாழனன்று காரா நகரத்திலிருந்து ஒரு கல்யாண வீடு, உறவுப் பெண்கள் எண்பது பேருக்கும் ஒரே துணியாக ‘மாமியாருக்குத் தெரியாது’ கேட்டது. அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அம்மாவும் வரத்தானே செய்வாள் என்று மெசான் கவலைப்பட்டான்.

வெள்ளிக்கிழமை அமுஸு மூன்று பேரையும் வேலையை விட்டு நிறுத்தும் மூன்று கடித உறையோடு வந்தார். கிடங்குக்காரன் இன்னும் இரண்டு ஆள் கேட்டுக் கத்துவதைப் படியிலேயே கேட்டுவிட்டார். அகோஃபாவின் திரைமுன் நின்று, கைகட்டி, பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு இடத்தில் மீசை லேசாக அசைந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“5120? அந்த ஜிப்பு?”

ஆயோகோ போனைக் கையால் பொத்திக்கொண்டாள். மெசான் கூரையைப் பார்த்தான். அகோஃபா வேறு வழியில்லாமல் பக்கத்தைக் கீழே தள்ளினாள். பச்சைத் துணி, வெள்ளை ஜிப். அதற்குக் கீழே காலையில்தான் ஏறியிருந்தது ஒரு பேர்: ‘முதலாளி வாயை மூடினார்.’ பக்கத்தில், விற்றது நூற்றுத் தொண்ணூறு.

அவரே ஆசைப்பட்டு இறக்கி, ஒரு வருடம் நாதியில்லாமல் கிடந்த துணி. அமுஸு உறைகளைச் சட்டைப்பையில் சொருகினார். அகோஃபாவை எழுந்திருக்கச் சொல்லி அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். தேடல் பெட்டியில் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தட்டினார். மு-த-லா-ளி வா-யை மூ-டி-னா-ர். துணி பளிச்சென்று வந்து நின்றது. ஆறு கஜம் கூடையில் போட்டார்.

“உடனே கிடைச்சிருச்சே” என்றார், யாரோ தனக்கு வித்தை காட்டியது போல. பிறகு விலாசத்தில் மாமியார் வீட்டைப் போட்டார். “கட்டட்டும். ஊர் கேக்கட்டும். எங்க கடையில வாங்கினதுன்னு சொல்லட்டும்.”

கீழே இறங்கும்போது அவர் சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. அகோஃபா தலைத் துண்டை அவிழ்த்தாள். ஆறு நாளாக ஒரு பக்கம் பின்னலும் மறு பக்கம் பரட்டையுமாக இருந்த தலையை ஆயோகோ அப்போதுதான் பார்த்தாள், போனில் பேசிக்கொண்டிருந்தவளைக் காக்கவைத்துவிட்டுச் சிரித்தாள். அகோஃபாவும் கூச்சமே இல்லாமல் சிரித்தாள், அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மீதித் தலையைப் பின்னிக்கொள்ளக் கிளம்பினாள்.