வேலிக்கு அப்பால் கேட்ட கிற்றார்

எழுபத்தொன்பதாம் ஆண்டு பாக்கியராசா சேர் என்னைக் குழுவை விட்டுத் துரத்தியிருந்தால் யாரும் அவரைப் பிழை சொல்லியிருக்க மாட்டார்கள். பகலில் காரைதீவில் கணிதம் படிப்பிப்பவர், பின்னேரங்களில் எங்கள் இசைக்குழுவின் தலைவர். எதையும் கணக்காகத்தான் சொல்வார்.

"காலிதீன், நீங்க அடிச்ச அடி முடிஞ்சிட்டு. கம்பி மட்டும் இன்னும் முடியல்ல. கனகேஸ்வரி பாடுறதில ஒரு சொல்லும் கேக்குதில்ல."

பாடகி கனகேஸ்வரி மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார். சேர் என் கிற்றாரை வாங்கி, வலது உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரல் பக்கத்துச் சதையை, கம்பிகள் போய் முடிகிற கட்டையின் மேல் வைத்து அடித்துக் காட்டினார். டும், டும் என்று வந்த சத்தம் வந்த கையோடு நின்றது. நான் அடித்தேன். பலகையைத் தட்டியது போல டொக் என்றது.

"கலைவிழாவுக்கு இன்னும் மூண்டு கிழமை இருக்கு. சரிவராட்டி வேற ஆளப் பாக்கிறன். கோவிக்காதீங்க."

கோவித்தேன். பஸ்ஸில் ஏறாமல் கல்முனையில் இருக்கிற வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். புடவைக் கடையில் நாள் முழுக்க மற்றவர்கள் கலைத்துப்போட்ட துணியை மடிக்கிறவன் நான். மேடையில் நிற்கும்போதுதான் நானும் ஒரு ஆள். அதை இழக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் விடியற்காலைச் சுபஹு தொழுகைக்குப் பிறகு, எனக்கு அண்ணன் போன்ற பக்கத்து வீட்டு அச்சிமுகம்மது காக்கா மௌத்தானார். நெசவுக்காரர், நாற்பது வயதும் ஆகவில்லை. அவருடைய மனைவி சுபைறா ராத்தா, புருஷன் இறந்தால் இருக்க வேண்டிய இத்தா இருக்கத் தொடங்கினார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டார். இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலியைப் புதுத் தென்னோலைக் கிடுகு வைத்து உயர்த்தினார்கள். நானும் கூட நின்று கட்டினேன். கிடுகு கண்ணை மறைக்கும், காதை எப்படி மறைக்கும் என்று கட்டும்போதே யோசித்தேன்.

மௌத்து நடந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்து கிற்றார் அடிக்கிறவன் மனிதனா? ஒரு கிழமை தொடவே இல்லை. எட்டாம் நாள் பின்னேரம் பொறுக்க முடியாமல், கடைசி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கம்பிகளை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தி அடித்தேன். எப்படியும் அமத்தி அடிக்கத்தானே பழக வேண்டும், சத்தமும் வெளியே போகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி ஸுல்பிகா ஒவ்வொரு நாளும் ராத்தாவுக்குச் சோறு கொண்டுபோய், கொஞ்ச நேரம் கூட இருந்துவிட்டு வருவாள். நான் அடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் வெறும் சோற்றுக் கோப்பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"ராத்தாக்குக் கேக்குதாம்."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவளை மேலே ஒரு சொல் சொல்ல விடவில்லை. கிற்றாரைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டேன். கலைவிழாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

மறுநாள் ஸுல்பிகா கோபத்தோடு வந்தாள். "முழுசாக் கேக்காம ஏன் நிப்பாட்டின? 'வாற எல்லாரும் என்னக் கட்டிப் புடிச்சி அழுறாங்க. தம்பி மட்டும்தான் எனக்காகச் சத்தத்தக் கொறச்சிக்கிட்டுத் தன்ட வேலயப் பாத்தாரு. அது எனக்கு ஆறுதலா இருந்திச்சி. அடிக்கச் சொல்லு' எண்டு ராத்தா சொல்றா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னொண்டும் சொன்னா. ஆனா அது செத்த சத்தமாம்."

ராத்தா சின்ன வயதில் இருந்தே தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவர். ஒரு அடி பிந்தினாலும் அவருடைய காதுக்குத் தெரிந்துவிடும். அன்றில் இருந்து பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நான் அடிப்பேன். ஸுல்பிகா வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தாவோடு இருந்துவிட்டுத் தீர்ப்போடு வருவாள்.

"இண்டைக்கும் செத்ததுதானாம்."

கையைப் பின்னுக்கு எடுத்தேன்.

"இப்ப இழுபடுதாம்."

அரை விரல் முன்னுக்கு வைத்தேன். "அப்ப ராத்தாவே வந்து அடிக்கட்டும்!" என்று ஒருநாள் கத்தியும் விட்டேன். கத்திய வாயை மூடுவதற்குள் வெட்கம் வந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்து இரண்டு கிழமையே ஆன ஒருத்தி என் கம்பிக்குக் காது கொடுக்கிறாள், எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்று அழுத்துவதை விட்டுவிட்டுக் கையைச் சும்மா வைத்தேன், உறங்குகிற பிள்ளையின் முதுகில் வைப்பது போல. டும், டும் என்று வந்தது.

ஸுல்பிகா கோப்பையைக்கூட மறந்துவிட்டு ஓடி வந்தாள். "உசிர் இருக்காம்!"

கலைவிழாவில் கனகேஸ்வரியின் ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பாக்கியராசா சேர் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் பழக்கின?" என்று இறங்கியதும் கேட்டார்.

"பக்கத்து வீட்டு ராத்தா."

"அவ கிற்றார் அடிப்பாவோ?"

"இல்ல சேர். கேப்பா."

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அடுத்த நிகழ்ச்சிக்கும் நான்தான் என்றார். ஸுல்பிகாவிடம் ராத்தாவுக்குச் சலாம் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். நேரே நின்று சொல்லவும் வழியில்லை. அதனால் விழா முடிந்த பிறகும் இத்தா முடியும் வரைக்கும் வீட்டில் கம்பியில் இருந்து கையை எடுக்காமல், சத்தத்தை அமத்தியே அடித்தேன்.

இத்தா முடிந்ததும் ராத்தா முதலில் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். நன்றாக மெலிந்திருந்தார்.

"ராத்தா, நீங்க இல்லாட்டி நான்..."

"அது கிடக்கட்டும் தம்பி. கைய எடுத்துப்போட்டு ஒருக்கா அடிங்க. கேப்பம்."

அடித்தேன். ஆறு கம்பியும் வீடு முழுக்க முழங்கின. அது தானாக ஓயும் வரைக்கும் ராத்தா அசையாமல் நின்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"யா அல்லாஹ், இவ்வளவு சத்தத்தையுமா எனக்காக அமத்தி வச்சிருந்தீங்க?"

தொடக்கத்தில் எனக்காகத்தான் அமத்தினேன். அந்த உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ராத்தாவுக்குப் பின்னால் நின்ற ஸுல்பிகா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஓம் ராத்தா" என்றேன்.