கிளார்க்கின் மகள்

ஜெர்மனியில் போஹும் என்று ஒரு நகரம். ஷில்பா அங்கே படிக்கப் போனபோது, "போகும்னு ஒரு ஊரா, திரும்பி வருமா?" என்று அவள் அம்மா பாக்யலட்சுமி கேட்டதை ஊரிகத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். ஷில்பாவும் நானும் அடுத்தடுத்த வீடு. எங்கள் அப்பாக்கள் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்கள். அவள் அப்பா நெஞ்சில் கல்தூசி படிந்து சீக்கிரமே போய்விட்டார். என் அப்பா ராஜப்பா அதே தூசியோடு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

போன மே மாதம் என் பெங்களூர் கம்பெனி இரண்டு வாரப் பயிற்சிக்கு என்னை ஜெர்மனிக்கு அனுப்பியது. சனிக்கிழமை ரயில் பிடித்து ஷில்பாவைப் பார்க்கப் போனேன். என்னோடு வேலை பார்க்கும் ராகேஷும் ஊர் சுற்றலாமென்று கூடவே வந்தான். நான் பெங்களூர் இந்திராநகரில் பிறந்து வளர்ந்தவள் என்றுதான் ஆபீஸில் சொல்லி வைத்திருந்தேன். இதை ஷில்பாவிடம் சொல்லவில்லை.

அவள் எங்களை டிராமில் ஏற்றி ஊரெல்லாம் காட்டினாள். தெருப் பெயர் ஒன்றுகூட என் வாயில் நுழையவில்லை. ஒரு திருப்பத்தில் கட்டடங்களுக்கு மேலே இரும்புக் கோபுரம் தெரிந்தது. உச்சியில் பெரிய சக்கரங்கள். ஆட்களைக் கேஜ் எனும் கூண்டில் வைத்துச் சுரங்கக் குழிக்குள் இறக்கும் கோபுரம்.

"நம்ம ஊருதாட்டம் இல்ல?" என்றாள் ஷில்பா.

எனக்குக் கேட்காதது போல நடந்தேன்.

அது இப்போது சுரங்க அருங்காட்சியகம். சுற்றிக் காட்டியவர் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்தவர். ஷில்பா அவரிடம் ஆங்கிலத்தில், "இவள் அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். தங்கச் சுரங்கம். பாறையில் டிரில் பிடித்தவர்" என்றாள். அவர் முகம் மலர்ந்து என் பக்கம் கையை நீட்டினார். எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

ராகேஷ் என்னைப் பார்த்தான்.

"இல்லை. என் அப்பா பெங்களூரில் கிளார்க். அவள் வேறு யாரையோ சொல்கிறாள்" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. ஷில்பா முன்னால் வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். "என் அப்பாவைத்தான் சொன்னேன். பத்தாயிரம் அடிக்குக் கீழே" என்றாள். அவர் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பற்றினார்.

ஸ்டேஷனில் வழியனுப்பும்வரை அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஊருக்குக் கொண்டுபோகச் சாக்லேட் பை ஒன்றைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்து ஊரிகத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது பாக்யலட்சுமி அத்தை அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"ஷில்பா போன்ல சொன்னா. அங்க ஒரு மைன்ஸ்காரரு உங்கப்பா சங்கதி கேட்டு கை குலுக்குனாராமே? நீயே எல்லாத்தையும் சொன்னியாம்."

அப்பா தலையணையில் சாய்ந்து நிமிர்ந்திருந்தார். சவரம் செய்திருந்தார். "இன்னாம்மா கேட்டாரு? எத்தினி ஆழம், எந்த லெவல்னு கேட்டாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் வரவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. கூட ஆபீஸ் ஆளு இருந்தான். நீங்க கிளார்க்குன்னு சொல்லிட்டேன்."

அத்தை ஷில்பா கொடுத்தனுப்பிய சாக்லேட் பையைத் தொடாமல் எழுந்து போனார். அப்பா மூச்சு வாங்கினார். "தெரிஞ்சா உன் வேலைக்கு எதனா ஆயிடுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லப்பா."

"அப்புறம் ஏம்மா?"

நான் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து வைத்தேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஷில்பாவுக்குப் போன் செய்தேன். "எதுக்குடி உங்கம்மாகிட்ட அப்பிடி சொன்ன?"

"மாமா சந்தோசப்படட்டும்னுதான்."

"நான் நெசத்தைச் சொல்லிட்டேன்."

"மாமா இன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஏம்மான்னு கேட்டாரு."

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் ஷில்பா. போனை வைக்காமல் காத்திருந்தாள்.